எத்தனை யானை எடை?



எங்கள் ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் வந்த காரணத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாய்ந்துகொள்ளும் திண்டைப்போல் ஒரு பெருங்கல் இருப்பதனால் திண்டுக்கல் என்பர். ஏறத்தாழ 900 அடி உயர்ந்து, தலையிலே ஒரு கோட்டையையும் தாங்கி நிற்கும் மலையைப் பார்த்து, "இஃதொரு தலையணை" என்று சொன்ன அந்த முன்னோர் நகைச்சுவை மிகுந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பெரியதொரு பொருளைக் கண்டு மலைத்த மனிதன், வீட்டிலே நாள்தோறும் கையாளும் ஒரு சிறு பொருளின் பெயரை அதற்குச் சூட்டி, மலைப்பைத் தணித்துக்கொள்கிறான். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். குறிப்பாக, பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்து கல்லாகிவிட்ட பேருயிர்களை அளப்பதற்கு மக்கள் வேடிக்கையாகப் புனைந்துகொண்ட அளவைகளைப் பற்றி.

எங்கள் மலையிலே அத்தகைய எலும்பு ஏதும் அகப்படாது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை அது. அந்த உலையிலே எந்த ஓடும் எலும்பும் உருக்குலையாமல் நிற்க இயலாது. ஆனால் திண்டுக்கல்லில் இரயிலேறித் திருச்சியைத் தாண்டி அரியலூரில் இறங்கினால் நிலத்தின் கதையே வேறாகிவிடுகிறது. அங்கே கிரெட்டேசியக் காலத்தில் கடல் புகுந்து நிலத்தை மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் இன்று ஓடையோரங்களிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. 1840ஆம் ஆண்டுகளிலேயே இவை சேகரிக்கப்பட்டு இலண்டன் சென்றன. பின்னர் பிளான்போர்டு, ஸ்டோலிச்கா போன்ற புவியியல் அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்து பெரிய ஏடுகள் எழுதினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் என் மாணவர்களை அப்பகுதிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரமொன்று ஓடைக்கரையிலே படுத்துக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் 1940இல் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். நீளம் 18 மீட்டருக்கு மேல். நிலத்தில் வளர்ந்த மரம் கடலுக்கு அடித்துக்கொண்டு வரப்பட்டு, சேற்றிலே புதைந்து, அதன் மரத்தன்மை சிறிது சிறிதாக அகல, அந்த இடத்திலே கல் வந்து அமர்ந்திருக்கிறது.

"பதினெட்டு மீட்டர்" என்று நான் சொன்னபோது மாணவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அந்த எண் காது வழியே நுழைந்து மறு காது வழியே வெளியேறிவிட்டது. அப்பொழுது குறும்புக்கார மாணவன் ஒருவன், வகுப்பிலேயே குட்டையான தன் தோழனைப் பிடித்து, மரத்தைச் சுற்றியுள்ள வேலிக்கு வெளியே, மரத்துக்கு இணையாகத் தரையில் படுக்கச் செய்தான். தலை முடிந்த இடத்தில் ஒரு கோடு; மீண்டும் எழுந்து அக்கோட்டிலே கால் வைத்துப் படுக்கை; மீண்டும் ஒரு கோடு. சட்டையெல்லாம் செம்மண். பன்னிரண்டாம் முறை அவன் எழுந்தபொழுது மரம் முடிந்திருந்தது. "ஐயா, மரத்தின் நீளம் பன்னிரண்டு குட்டை!" என்று கூவினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அந்த அளவை இனி மறக்கப் போவதில்லை என்பது எனக்கு அக்கணமே தெரிந்துவிட்டது. குட்டை என்னும் அந்த அலகின் மதிப்பு 150 சென்டிமீட்டர்.

இவ்வேடிக்கைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. அமெரிக்காவிலே மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள், 1958ஆம் ஆண்டில், சார்லஸ் ஆற்றின்மீதுள்ள ஹார்வர்டு பாலத்தை ஆலிவர் ஸ்மூட் என்னும் தோழரைக் கொண்டு அளந்தார்கள். அவர் உயரம் 5 அடி 7 அங்குலம். அவரைப் படுக்கவைத்தும் தூக்கிவைத்தும் கோடு கிழித்துக்கொண்டே சென்று, பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட்டும் ஒரு காதும் என்று முடிவு கட்டினார்கள். காது எதற்கு என்று கேளாதீர்கள். அளவையில் சிறு பிழை இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளும் முறை அது! அக்கோடுகள் பின்னரும் மீண்டும் மீண்டும் வண்ணம் தீட்டப்பட்டு வந்தன. இதிலே நான் மிகவும் சுவைத்த செய்தி வேறொன்று. அந்த ஆலிவர் ஸ்மூட் பிற்காலத்தில் உலகத் தர நிர்ணய நிறுவனத்துக்கே தலைவரானார். அளவுகோலாகக் கிடந்தவர் அளவைகளுக்கு அதிகாரியானார்.

எங்கள் குட்டையும் அவர்களது ஸ்மூட்டும் நேர்மையான அலகுகள். ஏனெனில், கேட்பவர் "ஒரு ஸ்மூட் எவ்வளவு?" என்று வினவினால் உடனே விடை உண்டு. தொல்லுயிர் அறிஞர்கள் பயன்படுத்திய அலகுகள் எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் கிடியன் மான்டெல் என்பவரிடம் சில விந்தையான பற்கள் வந்து சேர்ந்தன. அவை எந்த விலங்கினுடையவை என்று அவர் தேடியபொழுது, அமெரிக்க வெப்ப நாடுகளில் வாழும் இகுவானா என்னும் பெரிய ஓணானின் பற்களோடு அவை ஒத்திருக்கக் கண்டார். 1825இல் அவ்விலங்குக்கு இகுவானோடான், அதாவது இகுவானாப்பல்லன், என்று பெயரிட்டார். அதுவரை நல்லதே. பின்பு, இகுவானாவின் பல்லுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தையே இதற்கும் பொருத்தினார். பல் அத்தனை மடங்கு பெரிதாயின் உடலும் அத்தனை மடங்கு நீண்டிருக்க வேண்டுமன்றோ? விடை 60 அடிக்குக் குறையாமல் வந்தது. பின்னாளில், 1878இல், பெல்ஜியத்தில் பெர்னிசார்ட் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து முழு எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது, அவ்விலங்கு ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது 33 அடி அளவினதே என்று தெளிவாயிற்று. பூனையின் பல்லை அலகாக வைத்துப் பசுவின் நீளத்தைக் கணக்கிடுவது போன்ற காரியம் அது. மான்டெலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் கையில் இருந்ததைக் கொண்டு அவர் அளந்தார். அளந்த முறையை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அதனாலேயே பின்வந்தவர்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அதே இகுவானோடானுக்கு மற்றொரு வேடிக்கையான அளவையும் உண்டு. இலண்டன் பளிங்கு மாளிகைப் பூங்காவுக்காக ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி அதன் முழு உருவத்தைச் செய்துகொண்டிருந்தார். 1853ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, அவ்வுருவத்தினுள்ளேயே மேசையிட்டு, அறிஞர்களை அழைத்து ஒரு விருந்து நடத்தினார். டைனோசார் என்ற சொல்லை 1842இல் படைத்த ரிச்சர்டு ஓவன் விருந்தின் தலைமை இடத்தில் அமர்ந்திருந்தார். விருந்தினர் 21 பேர். நம் நாட்டுக் கல்யாண வீட்டுக் கணக்கில் சொன்னால், இகுவானோடான் என்பது 21 இலை போடக்கூடிய விலங்கு. அன்று செய்த உருவமும் பிழையானதுதான். கட்டைவிரல் முள்ளைக் கொம்பென்று கருதி மூக்கின்மேல் ஒட்டிவைத்திருந்தார்கள். விருந்துக்கு அது தடையாகவில்லை.

இனி, நம் காலத்துச் செய்தித்தாள்கள் மிகவும் விரும்பும் அலகாகிய யானைக்கு வருவோம்.

2014இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியப் பகுதியிலே மாபெரும் டைனோசார் ஒன்றின் எலும்புகள் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியது. தொடை எலும்பருகே ஒரு மனிதர் படுத்திருக்கும் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். அங்கும் ஒரு ஸ்மூட்! எடை 77 டன் என்றும், அது 14 ஆப்பிரிக்க யானைகளுக்குச் சமம் என்றும், உயரம் ஏழு மாடிக் கட்டடம் அளவு என்றும் எழுதினார்கள். யானை என்றால் நம் மாணவனுக்கு எது நினைவுக்கு வரும்? கோயில் வாசலிலே நின்று தும்பிக்கையால் ஆசி வழங்கும் பெண் யானைதானே? அதன் எடை 3 டன் அளவே இருக்கும். ஆப்பிரிக்கக் களிறோ ஐந்தரை, ஆறு டன். ஆகவே 14 ஆப்பிரிக்க யானை என்பதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 26 கோயில் யானைகள் ஆகின்றன. யானை மாறவில்லை என்று எண்ணிக்கொண்டு கேட்பவன், பாதி எடையைத் தொலைத்துவிடுகிறான். இதற்கிடையில் அவ்விலங்கும் இளைத்துக்கொண்டே வந்தது. 2017இல் பட்டகோட்டிடான் என்று பெயரிட்டு முறையாக விவரித்தபோது 69 டன் என்றார்கள். பின்வந்த கணக்குகள் அதனினும் குறைத்தன. செய்தித்தாளில் அச்சான 14 யானைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

எடையைச் சொல்வது ஏன் இத்துணைக் கடினம்? இதற்கு விடையை எங்கள் ஊர்ப் பூட்டுப் பட்டறையிலே காணலாம். திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை உண்டு. மாங்காய் வடிவிலே இருக்கும். ஒரு பட்டறைக்காரரிடம் ஒரு பூட்டைக் காட்டி, "இதைப்போல் நீளம், அகலம், தடிப்பு எல்லாம் இரண்டு மடங்காக ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பூட்டுக்கு வேண்டிய இரும்பு போதும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் நகைப்பார். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, தடிப்பில் இரண்டு, பெருக்கினால் எட்டு. எட்டுப் பூட்டின் இரும்பு அந்த ஒரு பூட்டுக்குச் செல்லும். கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில் எலும்புகளைப் பற்றிக் கூறிய கருத்தின் அடிப்படையும் இதுவே. உடல் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. ஆனால் அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே. ஆகவே பெரிய விலங்கின் கால், சிறிய விலங்கின் காலைப் பெரிதாக்கிய படமாக இராது. அதனினும் தடித்திருக்க வேண்டும்.

இந்தத் தடிப்பையே பிற்காலத்தார் பிடித்துக்கொண்டார்கள். 1985இல் ஆண்டர்சன், ஹால்-மார்ட்டின், ரஸ்ஸல் ஆகிய மூவர், எலியிலிருந்து யானை வரை பல விலங்குகளின் மேற்கை எலும்பையும் தொடை எலும்பையும் சுற்றளவு பார்த்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை ஒரு வாய்பாடாக்கினார்கள். சுற்றளவு இரண்டு மடங்கானால் எடை ஆறரை மடங்குக்குச் சற்று மேல் என்பது அதன் சாரம்.

வேறொரு வழியும் உண்டு. யானையைப் படகிலேற்றி, நீர் மட்டத்திலே கோடிட்டு, யானையை இறக்கிவிட்டு, அதே கோடு நனையும்வரை கல்லை ஏற்றி, அக்கற்களை நிறுத்து எடை கண்ட அறிவாளியின் கதையை இளமையிலே படித்திருப்பீர்கள். 1962இல் கோல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் ஏறத்தாழ அதைத்தான் செய்தார். டைனோசார்களின் சிறு பொம்மைகளை எடுத்து, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று அளந்து, பெருக்கி, எடை கண்டார். பெர்லின் அருங்காட்சியகத்திலே 13 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எலும்புக்கூடு ஒன்று உண்டு. இன்றைய தான்சானியாவிலுள்ள டெண்டகுரு என்னுமிடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. கோல்பர்ட் முறையில் அதன் எடை 78 டன். எலும்பின் சுற்றளவு முறையில் 1985இல் 29 டன். இடையிலே, 1980இல், மற்றொரு கணக்கு ஏறத்தாழ 15 டன் என்றது. ஒரே விலங்கு, ஒரே எலும்புக்கூடு, முழுமையாகக் கண்முன் நிற்கிறது. அதற்கே ஐந்து மடங்கு வேறுபாடு! பொம்மை செய்தவர் வயிற்றைச் சற்றுப் பருமனாகச் செய்திருந்தால் பத்து யானைகள் கூடுதலாகிவிடும்.

முழு எலும்புக்கூடு இருக்கும்போதே இந்நிலை என்றால், எலும்பே இல்லாதபோது என்ன செய்வது? இந்தக் கேள்வி கற்பனையன்று. நம் அரியலூர் மாவட்டத்துக் கேள்வி.

அம்மாவட்டத்தில் கல்லமேடு என்றொரு சிற்றூர். அதன் பெயராலேயே வழங்கும் பாறை அடுக்குகள், டைனோசார் யுகத்தின் இறுதிக் காலத்தவை. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அங்கே புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டு, 1987இல் அவற்றுக்குப் பிருகத்காயோசாரஸ் மட்லியி என்று பெயரிட்டனர். பிருகத்காயம் என்றால் பேருடல். மட்லி என்பது இந்திய டைனோசார்களை ஆராய்ந்த ஆங்கில அறிஞரின் பெயர். இடுப்பெலும்புப் பகுதிகள், தொடை எலும்பின் ஒரு பகுதி, முள்ளெலும்பு ஒன்று, முன்கை எலும்பு ஒன்று, கீழ்க்கால் எலும்பு ஒன்று. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர்.

ஒரு கணம் உங்கள் காலைத் தொட்டுப் பாருங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரு முழங்கூட இராது. அவ்விலங்குக்கு ஏறத்தாழ நாலரை முழம். எங்கள் அலகில் ஒன்றேகால் குட்டைக்கும் மேல்.

முதலில் இவ்விலங்கு ஊன் உண்ணும் இனம் என்று கருதப்பட்டது. பின்னர், 1990களில், நீண்ட கழுத்துடைய தழையுண்ணி இனத்தது என்று அறிஞர்கள் திருத்தினார்கள். ஆனால் திருத்துவதற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் எலும்புகளைத் தேடியபொழுது எலும்புகள் இல்லை. வெட்டி எடுக்கும்போதே அவை வெடித்து, எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்தன. மழையும் நிலத்தின் தன்மையும் சேர, அவை சிதைந்து மண்ணாகிவிட்டன என்பது 2017இல் வெளிப்படையாக எழுதப்பட்டது. ஏழு கோடி ஆண்டு நிலத்தினுள் காத்திருந்த எலும்பு, வெளிச்சத்தைக் கண்ட பின் சில பருவமழைகளைத் தாங்கவில்லை.

மிஞ்சியவை சில கோட்டோவியங்களும் சில எண்களுமே. அவற்றையும் ஐயுற்றவர்கள் உண்டு. "எலும்புதானா? ஒருவேளை கல்மரத்தைப் பார்த்து ஏமாந்திருப்பார்களோ?" என்று கேட்டார்கள். சாத்தனூர் மரத்தை ஒருமுறை பார்த்தவனுக்கு அக்கேள்வி நியாயமானதே என்று தோன்றும். அப்பகுதியிலே தண்டுகள் கல்லாகிக் கிடப்பது அரிதன்று. 2022இல் அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் அக்காலத்தில் எடுத்த பழைய நிழற்படங்களை வெளியிட்டார்கள். அதன் பின்னரே அவை எலும்புகள்தாம் என்பதற்கு வலு சேர்ந்தது.

இப்பொழுது எடைக் கணக்கைப் பார்ப்போம். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற பேருயிரான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் பக்க எலும்பு 1.55 மீட்டர். கல்லமேட்டு எலும்பு அதனினும் 29 விழுக்காடு நீளம். "முப்பது விழுக்காடு தானே!" என்பீர்கள். பூட்டுப் பட்டறைக்காரரிடம் கேளுங்கள். 1.29ஐ மூன்று முறை பெருக்கினால் 2.15 வருகிறது. இரண்டு மடங்குக்கு மேல் எடை! ஆகவேதான் சிலர் இவ்விலங்குக்கு 200 டன்னை ஒட்டியும் எடை கூறினார்கள். 2023இல் பால், லாரமென்டி என்னும் இருவர் ஆராய்ந்து 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்றார்கள். அது உண்மையானால், நிலத்தில் நடந்த உயிர்களிலே நீலத்திமிங்கிலத்தோடு ஒப்பிடத் தகுந்தது நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது.

ஆனால் இக்கட்டடம் முழுவதும் எதன்மீது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். "2 மீட்டர்" என்னும் ஓர் எண்ணின்மீது. அன்று நாடாவைப் பிடித்தவர் கை சற்றே தளர்ந்து, உண்மை நீளம் 1.8 மீட்டராக இருந்திருந்தால்? பத்திலொரு பங்கு குறைவு. எடையிலோ கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். முப்பது டன். பத்துக் கோயில் யானைகள் ஒரு சாண் நீளத்துக்குள் மறைந்து நிற்கின்றன. மீண்டும் சென்று அளந்துவிட்டு வரலாம் என்றால் அளக்கப் பொருள் இல்லை.

ஆகையால் யானையையும் மாடிக் கட்டடத்தையும் நான் வெறுக்கவில்லை. எண் ஏறாத மனத்திலும் அவை ஏறுகின்றன. அவை எண்ணுக்குப் பதிலாக வந்து அமரும்போதுதான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. 2009இல் செந்துறைப் பகுதியில் டைனோசார் முட்டைகள் கிடைத்தபோது, கால்பந்து அளவு முட்டைகள் என்று எழுதினார்கள். அளந்தவர்கள் கொடுத்த விட்டமோ 13 முதல் 20 சென்டிமீட்டர். கால்பந்தின் விட்டம் 22. பதின்மூன்று சென்டிமீட்டர் முட்டைகள் ஐந்தை உருட்டித் திரட்டினால்தான் ஒரு கால்பந்து ஆகும். களத்திலே படம் எடுக்கும் புவியியலார் பாறைமேல் ஒரு சுத்தியலையோ பேனாவையோ வைத்துவிட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மறதியால் கிடப்பதன்று. பாறை அழிந்தாலும் படத்திலிருந்து அளவை மீட்டுக்கொள்ளும் வழி அது.

அன்று சாத்தனூரிலிருந்து திரும்பும்போது, இரயிலில் மாணவர்கள் எங்கள் மலையை அளக்கத் தொடங்கினார்கள். 900 அடி என்றால் 180 குட்டைக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார்கள். அலகாகக் கிடந்த பையன் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. "ஐயா, காலையில் அளந்ததற்கும் மாலையில் அளப்பதற்கும் நான் ஒரு சென்டிமீட்டர் குறைவேனாமே?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன், பகலெல்லாம் நிமிர்ந்திருப்பதால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கிவிடுகின்றன. அப்படியானால் நாம் அளந்தது எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுதியும் வைத்தான்.

அவன் இப்பொழுது கல்லூரி மாணவன். சென்ற முறை என்னைக் காண வந்தபோது சுவரோரமாக நிறுத்தி அளந்து பார்த்தோம். 168 சென்டிமீட்டர். ஸ்மூட்டைவிட இரண்டே சென்டிமீட்டர்தான் குறைவு. சாத்தனூர் மரம் அவன் கணக்கில் பதினொன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.